பில் இல்லாமல் விற்ற மரியோ: சென்னையில் வீடியோ கேம் பெட்டிகளின் கதை

ஜப்பானில் வாரா வாரம் ஒரு கணக்கு வெளியாகும். அந்த வாரம் எந்த வீடியோ கேம் எத்தனை விற்றது, எந்த நிறுவனத்தின் பெட்டி எத்தனை விற்றது என்று கடைசி ஒற்றை இலக்கம் வரை எண்ணிப் போடுவார்கள். 1986-ல் தொடங்கிய 'ஃபமிட்சு' பத்திரிகை இதில் பெயர் பெற்றது. உலகம் முழுக்க இருக்கும் வீடியோ கேம் பைத்தியங்கள் அந்தப் பட்டியலைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பார்ப்பார்கள். நிண்டெண்டோ ஜெயித்ததா, சோனி ஜெயித்ததா, செகா ஏன் தோற்றது என்று எழுதப்பட்ட அத்தனை வரலாறுகளுக்கும் அஸ்திவாரம் இந்த மாதிரிப் பட்டியல்கள்தான்.

சென்னையில் இப்படி ஒரு பட்டியல் இருந்ததே இல்லை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் 1990-களில் வளர்ந்த பையன்களில் பாதிப் பேர் மரியோவை ஓட்டியிருப்பார்கள். ஆனால் அந்த மரியோ எத்தனை விற்றது என்று நிண்டெண்டோவுக்கே தெரியாது. ஏனென்றால் அதை விற்றது நிண்டெண்டோ இல்லை!

முதலில் ஜப்பான் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோவின் ஃபமிகாம் 14,800 யென்னுக்குக் கடைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், செகாவின் எஸ்.ஜி-1000 பெட்டியும் வந்தது அதே நாளில்தான். செகா பெட்டி அதிகம் பேசப்படாமல் போனது. ஃபமிகாம் மட்டும் ஜப்பானில் 1 கோடியே 93 லட்சம் விற்றது. அடுத்து வந்த சூப்பர் ஃபமிகாம் 1 கோடியே 71 லட்சம். அசைக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1994 நவம்பர் 22-ல் செகா சாட்டர்ன் (44,800 யென்), டிசம்பர் 3-ல் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் (39,800 யென்), 1996 ஜூன் 23-ல் நிண்டெண்டோ 64 (25,000 யென்). மூன்றில் விலை குறைவானது நிண்டெண்டோதான். ஆனால் ஜப்பானில் மூன்றாவது இடம் அதற்கு. சுமார் 55 லட்சம்தான் விற்றது. சாட்டர்ன்கூட 57 லட்சம் தாண்டியது. காரணம், நிண்டெண்டோ காட்ரிட்ஜை விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. காட்ரிட்ஜில் இடம் குறைவு, தயாரிக்கும் செலவு அதிகம். அதுவரை நிண்டெண்டோவுக்கே எழுதி வந்த ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டசி 7'-ஐ மூன்று சிடிக்களில் அடக்கி, 1997 ஜனவரி 31-ல் பிளேஸ்டேஷனுக்குக் கொடுத்தது. 2000-ல் 'டிராகன் குவெஸ்ட் 7'-ம் அங்கேயே போனது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஜப்பானியர்கள் பெட்டியைப் பார்த்துப் பெட்டி வாங்கவில்லை. எந்தப் பெட்டியில் தனக்குப் பிடித்த கேம் ஓடும் என்று பார்த்து வாங்கினார்கள்.

சென்னையில் நடந்தது அப்படியே தலைகீழ். இங்கே எந்தப் பெட்டியில் கேம் *இலவசத்துக்குப் பக்கத்தில்* கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயம் இங்கே முக்கியம். நிண்டெண்டோ 1985-ல் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டிக்குள் பூட்டு மாதிரி ஒரு சிப் இருந்தது. நிண்டெண்டோ அனுமதிக்காத காட்ரிட்ஜைப் போட்டால் ஓடாது. ஆனால் 1983-ல் ஜப்பானில் விற்ற ஃபமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. தைவான் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டது இந்த ஜப்பான் பெட்டியைத்தான். கொஞ்ச நாளில் மொத்தப் பெட்டியின் வேலையையும் ஒரே சிப்பில் அடக்கி, மேலே கருப்புப் பிசின் ஊற்றி மூடி, சல்லிசான விலைக்கு உலகம் முழுக்க அனுப்ப ஆரம்பித்தார்கள். ரஷ்யாவில் 1992-ல் 'டெண்டி' என்ற பெயரில் வந்தது இதுதான். சீனாவில் 'சுபோர்' என்று கீபோர்டு வைத்து, பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதற்காக என்று சொல்லி விற்றார்கள். (பெற்றோரை ஏமாற்றும் வழி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல!) இந்தியாவில் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்கள். பாகங்களாக வரவழைத்து இங்கே பூட்டி விற்றதும் உண்டு, முழுசாக வந்ததும் உண்டு.

சென்னைப் பையன்கள் இதை ஃபமிகாம் என்றோ நிண்டெண்டோ என்றோ சொன்னதில்லை. 'டிவி கேம்'. அவ்வளவுதான். பாண்டி பஜார் ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். வீட்டில் சாலிடேரோ டயனோராவோ (இரண்டுமே சென்னைக் கம்பெனிகள்) இருக்கும். ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு டிவி கேம் ஒயரைச் சொருகி, சேனல் குமிழைத் திருகித் திருகி, புள்ளி புள்ளியாக ஓடும் திரையில் ஒருவழியாக மரியோ வந்து நிற்கும்போது அந்த வீட்டில் ஒரு கைதட்டல் கேட்கும். அடாப்டர் அரை மணியில் சூடாகிவிடும். "டிவி பிக்சர் டியூப் போய்டும்டா" என்று அப்பா கத்துவார். காட்ரிட்ஜ் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊத வேண்டும். ஜப்பான் பையனும் அமெரிக்கப் பையனும் அதையேதான் செய்தார்கள் என்பது பின்னாளில் இன்டர்நெட் வந்தபிறகுதான் தெரிந்தது.

'9999999 இன் 1' என்று எழுதிய மஞ்சள் காட்ரிட்ஜ் ஒன்று வரும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. திறந்து பார்த்தால் உருப்படியாக ஏழெட்டு கேம்தான் இருக்கும். அதையே முதல் கட்டத்திலிருந்து, மூன்றாம் கட்டத்திலிருந்து, முப்பது உயிரோடு, துப்பாக்கியோடு என்று வேறு வேறு பெயரில் அடுக்கியிருப்பார்கள். கான்ட்ரா, மரியோ, வாத்து சுடுவது. இதில் கொனாமிக்கு ஒரு பைசா போகவில்லை. நிண்டெண்டோவுக்கும் போகவில்லை.

நேர்வழியில் யாருமே வரவில்லையா என்றால், வந்தார்கள். 1995-ல் செகா மெகா டிரைவ் இந்தியாவுக்கு முறையாக வந்தது. கொண்டுவந்தது யார் தெரியுமா? ஷா வாலஸ்! மதுபானங்களுக்குப் பெயர் போன அதே ஷா வாலஸ்தான். விலை 18,000 ரூபாய். இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம் அது. பதினெட்டாயிரத்துக்கு ஒரு கலர் டிவியே வாங்கிவிடலாம். டிவி வாங்கவே தவணை கட்டிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்து வீட்டில், அந்த டிவியில் விளையாட இன்னொரு டிவி விலையில் ஒரு பெட்டி என்றால் யார் வாங்குவார்கள்? உலகின் மற்ற இடங்களில் நிண்டெண்டோவோடு சரிக்குச் சரி மோதிய மெகா டிரைவ், சென்னைப் பையன்களின் நினைவில் அநேகமாக இடம்பெறவே இல்லை.

பிரேசிலோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கேயும் பயங்கரமான இறக்குமதி வரி. ஆனால் அங்கே டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம் செகாவிடம் உரிமம் வாங்கி, 1989 முதல் மாஸ்டர் சிஸ்டத்தை உள்நாட்டிலேயே தயாரித்தது. விளைவு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தோற்ற அந்தப் பெட்டி பிரேசிலில் தலைமுறைகளைத் தாண்டி விற்றது. இரண்டு நாட்டிலும் வரிச் சுவர் ஒன்றுதான். அங்கே சுவருக்கு உள்ளே ஒரு தொழிற்சாலை இருந்தது. இங்கே சுவருக்கு அடியில் ஒரு சுரங்கம் இருந்தது.

அந்தச் சுரங்கத்துக்கு சென்னையில் பெயரே உண்டு: குருவி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வந்து, பெட்டியில் அடைத்துக் கொண்டுவரும் பொருளைக் கடைகளுக்குக் கொடுத்து வயிறு வளர்த்தவர்கள். 2008-ல் அந்தப் பெயரில் விஜய் படமே வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960-களின் கடைசியில் உருவான பர்மா பஜார், குருவிகள் வந்து இறங்கும் மரம். அண்ணா சாலைக்குப் பின்னால் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேடியோ பாகம் விற்ற கடைகள் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் கடைகளாகவும் கேம் கடைகளாகவும் மாறின. பிளேஸ்டேஷன் சென்னைக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

இதற்கிடையில் வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்குத் தெருமுனையில் டோக்கன் போட்டு விளையாடும் 'வீடியோ கேம்ஸ்' கடைகள். 1993-ல் கேப்காம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற கேமைச் சென்னையில் அந்தப் பெயரில் யாரும் கேட்டதில்லை. அதில் வரும் முஸ்தபா என்ற தொப்பிக்காரர் பெயரால் கேமே 'முஸ்தபா' ஆகிவிட்டது. 1996-ல் 'காதல் தேசம்' பாட்டு வேறு அந்தப் பெயரை ஊரெல்லாம் முழக்கிவிட்டது. தயாரித்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, கேமின் உண்மையான பெயரும் இல்லை. ஊரே ஒரு பெயர் வைத்து ஊரே விளையாடியது.

பிளேஸ்டேஷன் 2 கதைதான் இதில் பெரியது. ஜப்பானில் 2000 மார்ச் 4-ல் வந்தது. முதல் சில நாட்களிலேயே பத்து லட்சத்தை நெருங்கியது. அதில் டிவிடி படமும் ஓடும் என்பது ஒரு காரணம். தனியாக டிவிடி பிளேயர் வாங்குவதைவிட இது லாபம் என்று ஜப்பானியர்கள் கணக்குப் போட்டார்கள். அதே கணக்கைச் சென்னையும் போட்டது. "டிவிடி பிளேயர்ப்பா, அப்படியே கேமும் விளையாடலாம்" என்று வீட்டில் சொல்லி வாங்கியவர்கள் ஏராளம்.

ஆனால் ஒரு சிக்கல். சிங்கப்பூரில் விற்ற பெட்டி ஜப்பான்-ஆசிய மண்டலத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் சோனி முறையாக விற்றதோ ஐரோப்பிய மண்டலம். ஒன்றின் டிஸ்க் இன்னொன்றில் ஓடாது. சிங்கப்பூர் மாமா ஆசையாக வாங்கிவந்த பெட்டிக்கு இங்கே ஒரிஜினல் டிஸ்க் வாங்கினாலும் பயனில்லை. நேர்மையாக இருக்க நினைத்தவனையும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பியது இந்த மண்டலப் பூட்டுதான். அங்கே ஒருவர் பெட்டியைத் திறந்து, தலைமுடி மாதிரி ஒயர்களை வைத்து ஒரு சிப்பைப் பற்றவைத்துக் கொடுப்பார். பெட்டி இப்போது எல்லா மண்டல டிஸ்க்கையும் ஏற்கும்... கூடவே, காப்பி டிஸ்க்கையும் ஏற்கும். அப்புறம் எதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரிஜினல்? சினிமா டிக்கெட் விலையில் 'காட் ஆஃப் வார்', 'சான் ஆன்ட்ரியாஸ்' எல்லாம் பிளாஸ்டிக் உறையில் கிடைத்தன. 2008-க்குப் பிறகு சிப்கூட வேண்டாம், ஒரு மெமரி கார்டே அந்த வேலையைச் செய்தது.

2004-ல் தமிழக அரசு திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தின் குறி சினிமாவும் பாட்டும்தான். வீடியோ கேமுக்காகக் கோட்டைக்குப் போய் மனு கொடுக்க இங்கே சங்கமும் இல்லை, ஸ்டாரும் இல்லை.

எல்லோரும் பெட்டி வாங்கினார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. மந்தைவெளி, சைதாப்பேட்டை மாதிரி இடங்களில் ஒரு சின்ன அறை, இரண்டு டிவி, இரண்டு பிளேஸ்டேஷன், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி என்று கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு. சனிக்கிழமை மத்தியானம் ரெஸ்லிங் கேமுக்கு வரிசை நிற்கும். ஜப்பானில் வீடியோ கேமை வாடகைக்கு விடவே முடியாது. 1984-லிருந்தே பதிப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதனால் அங்கே பெட்டி விற்ற எண்ணிக்கையை வைத்து ஓரளவு ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். இங்கே ஒரு பெட்டியில் ஒரு தெருவே விளையாடியது. யாராவது உட்கார்ந்து எண்ணியிருந்தாலும் அந்த எண் பொய்தான் சொல்லியிருக்கும்.

போலியிலும் போலி ஒன்று உண்டு. 'பாலிஸ்டேஷன்'! பார்க்க அச்சு அசல் பிளேஸ்டேஷன். மூடியைத் திறந்தால் டிஸ்க் வைக்கும் இடத்தில் காட்ரிட்ஜ் சொருகும் ஓட்டை. உள்ளே அதே 1983-ம் வருட ஃபமிகாம். பிறந்தநாளுக்கு இதை வாங்கிக்கொடுத்த அப்பாக்களுக்குக் கடைசிவரை வித்தியாசம் தெரியாது. பையனுக்கு மட்டும் மூடியைத் திறந்த அந்த நொடியில் தெரிந்துவிடும் :-)

2006 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 19,990 ரூபாய்க்கு ஒன்று, 23,990 ரூபாய்க்கு ஒன்று. விளம்பரத்துக்கு அக்‌ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும். அடுத்த ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் 3, விலை 39,990. அதே சமயம் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர் திறந்து, உள்ளே லேண்ட்மார்க் கடையில் ஒரிஜினல் கேம்கள் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. முதல்முறையாக, வீடியோ கேமுக்கு பில் போட்டார்கள்.

ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் படுதோல்வி. 360 அங்கே மொத்த ஆயுளிலும் சுமார் 16 லட்சம்தான் விற்றது. பிளேஸ்டேஷன் 3 ஒரு கோடி. ஆனால் சென்னைக் கல்லூரிப் பையன்கள் மத்தியில் 360-க்கு நல்ல பெயர் இருந்தது. காரணம் யுவராஜ் சிங் அல்ல. பி.எஸ்.3-ஐ 2010 வரை யாராலும் உடைக்க முடியவில்லை. 360-ன் டிஸ்க் டிரைவை மாற்றி எழுதினால் காப்பி டிஸ்க் ஓடும். பாதி விலையில் பெட்டி, நூறு ரூபாய் அளவில் கேம். 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இப்படி மாற்றிய லட்சக்கணக்கான பெட்டிகளை உலகம் முழுக்க ஆன்லைன் விளையாட்டிலிருந்து வெளியேற்றியது. சென்னையில் அதனால் பெரிய அதிர்ச்சி இல்லை. அந்த வேக இன்டர்நெட்டில் ஆன்லைனில் விளையாடியவர்களே கொஞ்சம் பேர்தான்.

புதுப் பெட்டிகள் வந்தும் நிஜமான ராஜா பழைய பி.எஸ்.2-தான். சோனி இதைப் புரிந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். விலையைப் பத்தாயிரத்துக்குக் கீழே இறக்கி, உள்ளூர் கேம்களை முயன்றது. 2009-ல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்', அதே வருடம் கில்லி, கபடி எல்லாம் வைத்து 'தேசி அட்டா', 2010-ல் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்', 2011-ல் 'ரா.ஒன்'. அதற்கும் முன்னால் 2007-ல் 'சிங்ஸ்டார் பாலிவுட்'. (இந்திப் பாட்டுக்கு மைக் பிடித்துப் பாடுகிற கேம். மயிலாப்பூரில் அதை எத்தனை வீட்டில் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) முயற்சி நல்ல முயற்சி. ஆனால் தரம் பரிதாபம். காப்பி டிஸ்க்கில் 'காட் ஆஃப் வார்' விளையாடிய கைக்கு இவை ஏறவில்லை.

இங்கேதான் இந்தக் கதையின் வலி இருக்கிறது. பதினைந்து வருடம் உலகத்தின் மிகச் சிறந்த கேம்கள் ஏறக்குறைய சும்மா கிடைத்த ஊரில், காசு கொடுத்து ஒரு சுமாரான உள்ளூர் கேமை யார் வாங்குவார்கள்? வாங்க ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது கேமைக் கொஞ்சம் நன்றாகச் செய்யப் பணம் எங்கிருந்து வரும்? சென்னையில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? டைடல் பார்க் முழுக்க அவர்கள்தானே. திறமை இல்லாமல் இல்லை, கல்லாப்பெட்டிதான் இல்லை. கள்ளக் காப்பி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செய்த நஷ்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். சோனி அதைத் தாங்கிக்கொண்டது. தாங்க முடியாமல் போனது இங்கே பிறந்திருக்க வேண்டிய கம்பெனிகள்தான். அதே சமயம், அந்தக் காப்பிகள் இல்லாவிட்டால் இந்த ஊரில் இப்படி ஒரு ரசிகர் கூட்டமே இருந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 2006 கடைசியில் ஈ.ஏ. நிறுவனம் 'கிரிக்கெட் 07'-ஐ கம்ப்யூட்டருக்கும் பி.எஸ்.2-க்கும் வெளியிட்டது. சென்னையில் அதை விளையாடாத ஹாஸ்டல் கிடையாது. அதற்குப் பிறகு ஈ.ஏ. இன்னொரு கிரிக்கெட் கேம் வெளியிடவே இல்லை. நூறு கோடிப் பேர் கிரிக்கெட் பார்க்கும் நாட்டின் விருப்பம் எந்த விற்பனைப் பட்டியலிலும் கண்ணில் படவில்லை என்றால், அடுத்ததைச் செய்ய அந்தக் கம்பெனிக்கு என்ன அவசரம்? ரசிகர்களே பத்து வருடத்துக்கும் மேலாகப் புது வீரர்கள், புது ஜெர்சி, ஐ.பி.எல். அணிகள் என்று அந்தப் பழைய கேமுக்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள்.

நிண்டெண்டோ இன்றுவரை இந்தியாவில் சொந்தக் கிளை திறக்கவில்லை. இடையில் விநியோகஸ்தர்கள் மூலம் வந்தது, போனது. 2017-ல் வந்த ஸ்விட்ச், ஜப்பானில் மூன்று கோடியைத் தாண்டி அங்கே இதுவரை இல்லாத சாதனை படைத்தது. சென்னையில் ஸ்விட்ச் வேண்டுமென்றால் பழைய வழிதான்: துபாய், சிங்கப்பூர், தெரிந்த கடை.

வரிச் சுவரும் முழுசாகக் கரையவில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வீடியோ கேம் பெட்டிக்கு 28 சதவீதம். 2018 பட்ஜெட்டில் சுங்க வரி 10-லிருந்து 20 ஆனது. 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. மட்டும் 18-ஆகக் குறைந்தது. பி.எஸ்.5 ஜப்பானில் 2020 நவம்பர் 12-ல் வந்தது. இங்கே 2021 பிப்ரவரி 2, 49,990 ரூபாய். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. சுமார் ஐம்பதாயிரம் கொடுத்து, பில்லோடு வாங்கத் தயாராக ஒரு கூட்டம் வரிசையில் நின்றது. அவர்களில் பலர் மஞ்சள் காட்ரிட்ஜை ஊதி வளர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் செல்போனுக்குப் போய்விட்டார்கள். மணிக்கணக்கில் காசு வாங்கிய கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் இப்போது பென் டிரைவ் அளவில் ஒரு குச்சி விற்கிறார்கள். டிவிக்குப் பின்னால் சொருகினால் போதும், ஆயிரக்கணக்கில் கேம். பட்டியலின் மேலே கான்ட்ரா இருக்கும், மரியோ இருக்கும். பில் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.